புத்தகப் புழுன்னு சொன்னா அது பாராட்டா, ஏச்சா?

மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. வேலை பாக்கிற எடத்துல எல்லாரும் அவங்கள 'புத்தகப் புழு'ன்னுதான் கூப்பிடுறாங்களாம், அவங்களுக்கும் அது பிடிச்சுத்தான் இருக்கு, ஆனா வீட்டுல அம்மச்சி காதுல விழுந்ததும் "எவனாக்கும் எம்பிள்ளைய புழுன்னு சொன்னது"ன்னு ஒரு சண்டையே வந்துட்டாம். அப்போ அது நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையா, நெறைய வாசிக்கிறவங்களுக்கு தமிழ்ல வேற சொல்லு உண்டா, ப்ரொஃபைல்ல எதைப் போடலாம்னு கேள்வி.

நான் கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவுல ஒரு கிளை நூலகத்துல இருபது வருசத்துக்கு மேல இருந்து ரிட்டயர் ஆனவன். புத்தகத்தைத் தின்ற புழுவையும் பாத்திருக்கேன், புத்தகத்தை வாசிக்கிற புழுவையும் பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாத்தான் சொல்லுவேன், பொறுத்துக்கிடுங்க.

மொதல்ல ஒரு விசயம். உங்க அம்மச்சி சொன்னது தப்பில்ல. ஆபீஸ்ல கூப்பிடுறவங்களும் தப்பா சொல்லல. ரெண்டு பேரும் ரெண்டு வேற மொழியில அந்தச் சொல்லைக் கேக்காங்க, அதுதான் சிக்கல். ஆபீஸ்ல இருக்கிறவங்க மனசுல 'புக்வார்ம்'னு இங்கிலீஷ்ல ஓடுது, வாயில தமிழ்ல வருது. அம்மச்சிக்கு இங்கிலீஷ் ஓடல, நேரா புழுதான் தெரியுது. தமிழ்ல புழுன்னா என்ன? அரிசியில புழு, காயத்துல புழு, கத்தரிக்காயில புழு, புழுத்துப் போச்சு, புழுவா துடிச்சான், என்னைய ஒரு புழு மாதிரி பாத்தான். பிறவியிலேயே ஆகக் கீழான பிறவின்னு சொல்லணும்னா அப்பர் சாமிகூட புழுவைத்தான் எடுத்தாரு, புழுவா பொறந்தாலும் உன் திருவடிய மறக்காம இருக்கணும்னு கேட்டாரு. 'வயித்துல ஒரு புழு பூச்சி உண்டாகல'ன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்களே, அதுல மட்டும் புழு கொஞ்சம் மரியாதையா வரும், அதுவும் துக்கத்தோட. இப்பிடி ஒரு சொல்லைக் கொண்டு போய் வளந்த பிள்ளை மேல வச்சா பழைய மனசுக்குக் கோவம் வரத்தான் செய்யும்.

இங்கிலீஷ்லயும் அது ஆரம்பத்துல பாராட்டு இல்ல, கேட்டுக்கிடுங்க. 1500கள் கடைசி வாக்குல அந்தச் சொல்லு நடமாட ஆரம்பிச்சப்ப அது கேலிதான், வெளியுலகம் தெரியாம ஏட்டுக்குள்ளேயே கெடக்கிற ஆளுன்னு அர்த்தம். அவங்க பழைய மொழியில அந்த 'வார்ம்'ங்கிறது ஊந்து போற எதுக்கும் பேரு, பாம்புக்கும் அதுதான், கதையில வர்ற பெரிய நாகத்துக்கும் அதுதான். அப்பிடிக் கேலியா இருந்தது நாளாக நாளாகச் செல்லப் பேரா மாறிட்டு. இன்னைக்கு அவங்க நாட்டுல சின்னப் பிள்ளைங்க சட்டையில கண்ணாடி போட்ட ஒரு பச்சைப் புழு படம் போட்டு விக்கிற அளவுக்குச் செல்லம். நாம அந்தக் கடைசி ஸ்டாப்புல ஏறி அந்தச் சொல்லை மொழிபெயர்த்துக் கொண்டாந்துட்டோம், அவங்க கடந்து வந்த வழிய நம்ம சொல்லு கடக்கல. மலையாளத்துலயும் 'புஸ்தகப்புழு', இந்தியில 'கிதாபி கீடா', எல்லாம் இதே கதைதான்னு எனக்குத் தோணுது. இந்தியில அந்த கீடா கொஞ்சம் நக்கலாவே இன்னும் இருக்கு, அங்க அது பெரும்பாலும் பாடப்புத்தகத்தை விட்டு எழும்பாத பையனைச் சொல்ற சொல்லு.

அங்கதான் தமிழ்ல இருக்கிற முக்கியமான கோளாறு வருது. தமிழ்ல 'புத்தகப் புழு'ன்னு பொதுவா யாரைச் சொல்றோம்? பத்தாங்கிளாஸ் பரிட்சைக்கு விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு உரு போடுற பையனையும் சொல்றோம், சாயா ஆறிப்போறது தெரியாம நாவல்ல முங்கிக் கெடக்கிற ஆளையும் சொல்றோம். ரெண்டும் ஒண்ணா? முதல் ஆளு பரிட்சை முடிஞ்ச அன்னைக்கே புத்தகத்தை ஆக்கருக்கு, அதான் பழைய சாமான் வாங்குறவருக்கு, தூக்கிப் போட்டுருவான். ரெண்டாவது ஆளு ஆக்கர் கடையில போய் அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வருவான். முதல் ஆளுக்கு இப்ப பயலுவ 'படிப்ஸ்'னு ஒரு நல்ல பேரு வச்சிருக்காங்க, அது போதும், புழுவை அவனுக்குக் கொடுக்க வேண்டாம்.

ஏன் ரெண்டு பேரையும் ஒரே சொல்லுல கட்டினோம்னா, நமக்கு 'படி'ங்கிற ஒரே வினைச்சொல்லு ரெண்டு வேலையும் பாக்குது. "நேத்து என்ன செஞ்ச?" "படிச்சேன்." இதுல பாடமா, கதையா? தெரியாது. "அவரு படிச்சவரு"ன்னா டிகிரி வாங்கினவருன்னு அர்த்தம், அவரு வீட்டுல ஒரு புத்தகம்கூட இல்லாம இருக்கலாம். 'படிப்பாளி'ன்னாலும் அப்பிடித்தான், மார்க்கு வாசனை அடிக்கும். நம்ம மாவட்டத்துல மலையாளம் காதுல விழுந்து வளந்தவங்களுக்கு இந்த வித்தியாசம் சட்டுனு புரியும், ஏன்னா அங்க 'படிக்குக'ன்னா கத்துக்கிடுறது, 'வாயிக்குக'ன்னா வாசிக்கிறது, ரெண்டையும் கலக்க மாட்டாங்க. வைத்தியம் படிக்கலாம், நீச்சல் படிக்கலாம், ஆனா பத்திரிகை வாயிக்கத்தான் செய்யணும். நம்ம ஊர்லயோ இன்னொரு குழப்பம், பழைய ஆளுங்க 'பாட்டு படிச்சான்'னா பாடினான்னு அர்த்தம். எங்க பாட்டா ஒருத்தரு கல்யாண வீட்டுல "மக்ளே ஒரு பாட்டு படி"ன்னு சொன்னப்ப மெட்ராஸ்ல இருந்து வந்த மருமக நோட்டு எங்கன்னு தேடினா.

அதனால நான் சொல்றது, நெறைய வாசிக்கிற ஆளுக்குச் சொல்லு தேடுறவங்க 'படி' பக்கம் போகாம 'வாசி' பக்கம் போகணும். இந்த 'வாசி'க்கு நம்ம மாவட்டத்துல நல்ல வேர் உண்டு, வேற மாவட்டத்துல இந்த அளவு இருக்கான்னு எனக்குச் சந்தேகம்தான்.

அய்யாவழிக்காரங்களோட தலைமைப்பதி இருக்கிற சாமித்தோப்புல கார்த்திகை மாசம் பதினேழு நாள் நடக்குதே, அதுக்குப் பேரு 'திரு ஏடு வாசிப்பு'. அவங்க புனித நூலான அகிலத்திரட்டு அம்மானையை ராகத்தோட ஒருத்தர் வாசிக்க, ஊரே உக்காந்து கேக்கும். அவங்க கும்பிடுற பதிகள்லயும் தாங்கல்கள்லயும் அதே வாசிப்பு உண்டு. அங்க யாரும் 'ஏடு படிப்பு'ன்னு சொல்ல மாட்டாங்க. சிஎஸ்ஐ கிறிஸ்தவங்க வீட்டுல போய்ப் பாருங்க, சாயங்காலம் ஜெபத்துக்கு முன்னால "வேதம் வாசிச்சாச்சா?"ன்னுதான் கேப்பாங்க. வேதம் படிச்சாச்சான்னு கேட்டா அது ஞாயிறு பள்ளிக்கூடத்துப் பரிட்சை மாதிரி ஆயிரும். முட்டம், குளச்சல் பக்கம் கடக்கரை கத்தோலிக்கக் கோயில்கள்ல பூசையில 'முதல் வாசகம்', 'இரண்டாம் வாசகம்' உண்டு, அதை வாசிக்க எந்திரிச்சுப் போற அக்கா அன்னைக்கு நல்ல சேலைதான் கெட்டியிருப்பா. தேங்காப்பட்டினத்துலயும் தக்கலையிலயும் முஸ்லிம் வீடுகள்ல 'ஓதுறது'ன்னு சொல்லுவாங்க, நம்ம சிவன் கோயில்ல தேவாரம் பாடுறவரும் 'ஓதுவார்'தான், சொல்லு ஒண்ணு வாசல் ரெண்டு. ஓதுறது, வாசிக்கிறது ரெண்டுலயும் சத்தம் உண்டு, கவனிச்சீங்களா? வீணை வாசிக்கிறோம், நாதஸ்வரம் வாசிக்கிறோம், அதே வாசிதான். ஏட்டுல கெடக்கிற எழுத்தை வாயில எடுத்து ஒலிக்க வைக்கிற ஆளுதான் பழைய வாசகன், அவன் பத்து பேருக்காக வாசிச்சான். எங்க ஊரு சாயக்கடையில எனக்கு விவரம் தெரிஞ்ச காலத்துல பேப்பரு ஒண்ணுதான் வரும், அதை ஒருத்தர் உரக்க வாசிப்பாரு, ரப்பர் பால் வெட்டிட்டு வந்தவங்க பெஞ்சுல இருந்து கேப்பாங்க, நடுவுல ஒருத்தர் "அதை ஒருக்கா இன்னும் வாசியும் ஓய்"ம்பாரு. வாசிக்கிறவருக்கு சாயா ஃப்ரீ. தனியா மூலையில உக்காந்து வாய் மூடி வாசிக்கிறது பிந்தி வந்த பழக்கம், அப்பிடி வாசிக்கிறவனுக்குத் தமிழ்ல பேரு சரியா அமையாததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு நான் நெனைக்கேன், இது என் யோசனைதான், யாரும் அடிக்க வரவேண்டாம்.

வாசிப்புக்குன்னு ஒரு கட்டடம் வந்த கதையும் இங்க தனி. நம்ம தாலுகாக்கள் எல்லாம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம்தான இருந்துச்சு. 1945ல பி.என். பணிக்கர் முன்ன நின்னு திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம்னு ஒண்ணைத் தொடங்கினாரு, 47 ஊர் நூலகங்களைச் சேத்து. 'வாயிச்சு வளருக'ன்னு அவங்க முழக்கம், அவரு செத்த நாள் ஜூன் 19ஐ இப்பவும் கேரளாவுல வாசிப்பு நாளா வச்சிருக்காங்க. அந்தக் காத்து இந்தப் பக்கமும் அடிச்சதுதான். மேற்குப் பக்கத்து ஊர்கள்ல வயசானவங்க லைப்ரரின்னு சொல்ல மாட்டாங்க, 'வாயனசாலை'ம்பாங்க. எங்க நூலகத்துக்கு அரசாங்கம் போர்டு வச்சு இத்தனை வருசம் ஆகியும் ஒரு அப்பச்சி கடைசி வரைக்கும் "வாயனசாலை தொறந்தாச்சா"ன்னுதான் கேட்டாரு. தமிழ்நாட்டுப் பக்கம் பாத்தா 1948ல மெட்ராஸ்ல போட்ட பொது நூலகச் சட்டம், அதுக்குப் பின்னால நின்னவரு நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவரு 1931லயே அஞ்சு விதி எழுதி வச்சாரு, அதுல ரெண்டாவதும் மூணாவதும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். நூலகத்துல வர்ற எல்லாரும் எங்களுக்கு 'வாசகர்'தான், பேப்பர் பாத்து ராசிபலன் மட்டும் வாசிச்சுட்டுப் போறவரும் வாசகர், மாசம் முப்பது புத்தகம் எடுக்கிற ஆளும் வாசகர், 'வாசகர் வட்டம்'னு ஒரு அமைப்பு, 'வாசகர் கடிதம்'னு பத்திரிகையில ஒரு பக்கம். அதனால வெறும் 'வாசகர்'னு சொன்னா நெறைய வாசிக்கிறவர்ங்கிற அழுத்தம் வராது, முன்னால ஒண்ணு சேக்கணும். 'நல்ல வாசகர்', 'தேர்ந்த வாசகர்', 'தீவிர வாசகர்'. எழுத்துத் தமிழ்ல இப்போதைக்கு நெலைச்சு நிக்கிறது 'தீவிர வாசகர்'தான், பொண்ணுன்னா 'தீவிர வாசகி'. எனக்கு என்னமோ 'தீவிர'ன்னு வந்தாலே தீவிர சிகிச்சைப் பிரிவு ஞாபகம் வரும், ஆனாலும் சொல்லு சரியான சொல்லு, மேடையில பேசவும் பத்திரிகைக்கு எழுதவும் அதைத் தாராளமா போடலாம். 'வாசிப்பாளர்'னு மட்டும் போட்டுராதீங்க, டிவியில நியூஸ் சொல்றவங்கன்னு நெனைச்சுருவாங்க.

மத்த சொல்லுங்களை ஓட்டமா பாத்துருவோம். 'புத்தகப் பிரியர்', 'நூல் ஆர்வலர்', 'புத்தகக் காதலர்' இதெல்லாம் கொஞ்சம் விழா அழைப்பிதழ் தமிழ், வீட்டுல யாரும் பேச மாட்டாங்க. அதோட இதுல எல்லாம் புத்தகத்தின் மேல பிரியம் தெரியுமே தவிர வாசிச்சாரான்னு தெரியாது. புத்தகத்தைச் சேக்கிறவரு வேற, வாசிக்கிறவரு வேற. கண்ணாடி அலமாரி போட்டு, அட்டை கலர் மாட்ச் ஆகுற மாதிரி அடுக்கி, தூசு தட்ட ஆளு வச்சு, ஒண்ணைக்கூடத் தொறக்காதவரும் புத்தகப் பிரியர்தான். ஜப்பான்காரங்க வாங்கி வாங்கி வாசிக்காம குவிச்சு வைக்கிற பழக்கத்துக்கே 'சுண்டோகு'ன்னு தனியா ஒரு சொல்லு வச்சிருக்காங்க, நம்மகிட்ட ஆளு நெறைய உண்டு சொல்லுதான் இல்ல. 'புத்தகப் பித்து' எனக்குப் பிடிச்சது, ஏன்னா தமிழ்ல பித்து கெட்ட சொல்லு இல்ல, சிவனையே பித்தன்னு சொன்ன மொழி. நம்ம ஊர்ப் பேச்சுல அதையே "அவனுக்குப் புஸ்தகக் கிறுக்கு"ம்பாங்க, இன்னும் மேற்க போனா "புஸ்தகப் பிராந்து". கிறுக்குன்னு சொல்லும்போது ஒரு பாசம் ஒட்டியிருக்கும், அது புழுவுல இல்ல.

இப்ப நெசப் புழுக்கு வாறேன், ஏன்னா இந்தச் சொல்லோட நல்ல பங்கு அங்கதான் ஒளிஞ்சு கெடக்கு.

புத்தகப் புழுன்னு ஒரே ஒரு பூச்சி கெடையாது. நெறைய பேரு வெள்ளியா மினுங்கிக்கிட்டு வெளிச்சத்தைக் கண்டதும் ஓடுமே, அதைத்தான் புத்தகப் புழும்பாங்க. அது புழுவே இல்ல, றெக்கையில்லாத பூச்சி, அதுக்கு வேண்டியது கதை இல்ல, பசை. அட்டை ஒட்டின மைதாப் பசைக்காகத்தான் அது மேலாப்புல சுரண்டும், நம்ம ஊர்ல நுனிப்புல் மேயிற ஆளு மாதிரி. அதனாலதான் பழைய பைண்டர்மாரு பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் சேப்பாங்க. கறையான் வேற ரகம், அது வந்தா அலமாரியோட போச்சு, செல்லரிச்ச ஏடுன்னு சொல்றது அதைத்தான். நெசமா புத்தகத்தைத் தொளைக்கிறது ஒரு சின்ன வண்டோட புழு. முதுகுப் பக்கமோ ஓரத்துலயோ முட்டை விட்டிருக்கும், பொரிச்ச புழு பக்கம் பக்கமா தொளைச்சுக்கிட்டே போகும், வண்டா மாறி ஒரு நாள் மறுபக்கம் வெளிய வரும். புத்தகத்தை விரிச்சா குண்டூசி வச்சுக் குத்தின மாதிரி வட்டமா ஒரு ஓட்டை, முதல் அட்டையில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், தட்டினா மாவு மாதிரி தூளு கொட்டும். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டுல்லா, இடவப்பாதின்னு சொல்ற தென்மேற்கு மழையும் பெய்யும் ஐப்பசி மழையும் பெய்யும், அந்த ஈரத்துல புத்தகத்தைக் காப்பாத்துறது லேசுப்பட்ட வேலை இல்ல. பாச்சா உருண்டை போடுவேன், வேப்பிலையும் வசம்பும் துணியில கெட்டி வைப்பேன், வெயில் கண்ட அன்னைக்கெல்லாம் சன்னலைத் தொறந்து விடுவேன், ஆனாலும் வருசத்துக்குக் கொஞ்சம் புத்தகம் கழிவு லிஸ்டுல போகும்.

இந்தத் தொளைக்கிற பூச்சிக்கு ஏட்டுச் சுவடி காலத்துலயே தமிழ்ல ஒரு பேரு உண்டு. 'ராமபாணம்'. ராமபாணப் பூச்சின்னும் சொல்லுவாங்க. சுவடி தேடி அலைஞ்சவங்க எழுதினதுல எல்லாம் இந்தப் பேரு வரும். ஏன் ராமபாணம்? வாலியைக் கொல்ல முடியுமான்னு சுக்ரீவன் சந்தேகப்பட்டப்ப ராமன் ஒரே அம்பு விட்டு ஏழு மராமரத்தையும் தொளைச்சுக் காட்டினாருல்லா, அந்த அம்பு. பனை ஓலைக் கட்டை அடுக்கி வச்சா இந்தப் பூச்சி ஒரு ஓலையில நுழைஞ்சு அத்தனை ஓலையையும் தொளைச்சு அந்தப் பக்கம் வெளிய வரும், அதைப் பாத்த யாரோ ஒரு புண்ணியவான், கையில இருந்த ஏடு பாழாப் போன துக்கத்துலயும், ராமன் விட்ட அம்பு மாதிரி போயிருக்கேன்னு பேரு வச்சிருக்கான் பாருங்க. எனக்கு அந்த ஆளை நெனைச்சா ஆச்சரியமா இருக்கும். அவன் நிச்சயமா நெறைய வாசிச்சவன்தான், இல்லன்னா அந்த நேரத்துல கோவம்தான வந்திருக்கும், உவமையா வரும்?

நான் நூலகத்துல இருந்தப்ப ஒன்னு ரெண்டு பிள்ளைங்கள 'ராமபாணம்'னு கூப்பிட்டதுண்டு. ஒரு புத்தகத்தை எடுத்தா முன்னட்டையில பூந்து பின்னட்டையில வெளிய வர்ற பிள்ளைங்க, நடுவுல எங்கயும் நிக்காது, முன்னுரை, அச்சிட்டோர் பேரு, விலை எல்லாம் வாசிச்சிருக்கும். அதுல ஒரு பையன், அவங்க அப்பா பனையேறி, அக்கானி எறக்குறவரு, பையன் சாயங்காலம் வந்து புத்தகம் எடுத்துட்டுப் போவான், மறுநா சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்துருவான். வாசிச்சானா சும்மா கொண்டு போறானான்னு சந்தேகப்பட்டு ஒருநாள் நான் நடுவுல இருந்து ஒரு கேள்வி கேட்டேன். அவன் பதில் சொல்லிட்டு "சார், நாப்பத்தி மூணாம் பக்கம் கிழிஞ்சிருக்கு, நான் கிழிக்கல"ன்னான். நானே அதைக் கவனிக்கல.

அந்தப் பேரு எல்லாருக்கும் புரியாது, அது தெரிஞ்சுதான் சொல்றேன். ப்ரொஃபைல்ல 'ராமபாணம்'னு போட்டா மல்லிகைப் பூ வகைன்னு ஒருத்தன் நெனைப்பான், கட்சின்னு இன்னொருத்தன் நெனைப்பான். வட்டத்துக்குள்ள செல்லமா கூப்பிட நல்லாருக்கும், அவ்வளவுதான்.

பூச்சின்னு வந்ததால ஒன்னு சொல்லிக்கிடுதேன். இங்கிலீஷ்காரங்க பத்தாம் நூற்றாண்டு கையெழுத்துச் சுவடி ஒண்ணுல ஒரு விடுகதை இருக்கு. ஒரு அந்துப்பூச்சி, பெரிய மனுசன் ஒருத்தரோட வார்த்தைகளைத் திருடித் தின்னுட்டாம், அத்தனை வார்த்தையைத் தின்னும் அதுக்கு அறிவு ஒரு பொட்டும் கூடல. இது அச்சா நம்ம 'ஏட்டுச் சுரைக்காய்' கேஸுதான். அந்த வகையில பாத்தா பரிட்சைக்கு நெட்டுரு போடுறவனுக்குப் புழுங்கிற பேரு பொருந்தும், வாசிக்கிறவனுக்குப் பொருந்தாது. நம்ம ஆளுங்க நல்லா வாசிச்சவனைச் சொல்லணும்னா தின்னான்னு சொல்ல மாட்டாங்க, "கரைச்சுக் குடிச்சிருக்கான்"ம்பாங்க. தின்றதும் குடிக்கிறதும் ஒண்ணில்ல, குடிச்சா ரத்தத்துல கலந்துரும்.

மத்த மொழிக்காரங்க என்ன சொல்றாங்கன்னு ஒரு ருசிக்குச் சொல்லுதேன். பிரெஞ்சுக்காரங்களுக்கு நூலக எலி, ஜெர்மன்காரங்களுக்கு வாசிக்கிற எலி, டென்மார்க்குல வாசிக்கிற குதிரை, இந்தோனேசியாவுல புத்தகப் பேன். பேனை விடப் புழு தேவலன்னு அம்மச்சிகிட்ட சொல்லிப் பாருங்க, சமாதானம் ஆகுதாங்களான்னு பாப்போம். குதிரை வந்த ஊர்ல மட்டும் வாசிக்கிறவனுக்குக் கொஞ்சம் கம்பீரம் இருக்கு.

அவங்கவங்க மிருகம் அவங்கவங்களுக்கு. வெளியூர்ச் சரக்கை எப்பிடி உள்ளூர் ஆக்கணும்னு நமக்குச் சொல்லித்தர ஆளு தேடி வேற எங்கயும் போக வேண்டாம், தேரூர்ல பொறந்த கவிமணியே போதும். உமர் கய்யாம் பாட்டை இங்கிலீஷ் வழியா தமிழுக்குக் கொண்டாந்தப்ப, அதுல மரநிழல்ல உக்காந்திருக்கிற ஆளு கையில 'ஒரு கவிதைப் புத்தகம்'னு சும்மாதான் இருக்கு. கவிமணி அப்பிடியே விடல, கையில கம்பன் கவியைக் கொடுத்துட்டாரு. அந்த ஒரு மாத்தத்துல பாரசீகத்து மரத்தடி நாஞ்சில் நாட்டு மரத்தடி ஆயிட்டு. புக்வார்மை மொழிபெயர்த்த ஆளு இந்த மாதிரி ஒரு நிமிசம் யோசிக்கல, வார்த்தைக்கு வார்த்தை வச்சுட்டுப் போயிட்டான்.

சரி, அப்போ பேச்சுல எப்பிடித்தான் சொல்றது? இதுலதான் எனக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விசயம் இருக்கு. தமிழ்ல ஒரு ஆளோட பழக்கத்தைச் சொல்ல நாம பேரு ஒட்ட மாட்டோம், வினையால சொல்லுவோம். இங்கிலீஷ்ல ஒரு ஆளைப் பாத்ததும் அவன் இன்னது, இவன் இன்னதுன்னு லேபிள் ஒட்டிருவாங்க. நாம "அவரு நெறைய வாசிப்பாரு"ம்போம். "அவ எப்பப் பாத்தாலும் புத்தகமும் கையுமா இருப்பா." "கையில புத்தகம் கெடச்சா அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்." "கடலை மடிச்ச பேப்பரையும் விட மாட்டான்." இதெல்லாம்தான் தமிழ்ல நெறைய வாசிக்கிறவனுக்கு உள்ள சொல்லு, ஒத்தைச் சொல்லு இல்லங்கிறதால குறைன்னு நெனைக்க வேண்டாம். நாகர்கோவில்ல ஒரு ஆளைப் பத்திப் பெரிய மரியாதையோட சொல்லணும்னா "அவருக்கு நல்ல வாசிப்பு உண்டு"ம்பாங்க. வீடு உண்டு, வயல் உண்டு, ரப்பர் தோட்டம் உண்டுன்னு சொல்ற அதே தொனியில வாசிப்பு உண்டு. சுந்தர ராமசாமி ஜவுளிக்கடை நடத்திக்கிட்டு, எழுத்தும் வாசிப்புமா இருந்த டவுனு இல்லியா, அவரு வீட்டுக்கு வாசகர்கள் வந்து போய்க்கிட்டே இருப்பாங்க, தோப்பில் மீரான், நாஞ்சில் நாடன், ஜெயமோகன்னு எழுதுறவங்க இவ்வளவு பேரு வந்த மாவட்டத்துல வாசிப்பு ஒரு சொத்துக் கணக்குல வர்றது ஆச்சரியம் இல்ல. எதிர்மறையா சொல்லணும்னாலும் அதே சொல்லுதான், "ஆளு நல்ல ஆளுதான், வாசிப்பு கொறவு." இந்த ஒரு வரியில எத்தனை பேரு காலி ஆகியிருக்காங்க தெரியுமா.

கேலிக்கு மட்டும்தான் நாம பேரு ஒட்டுறது, அதனாலதான் 'புத்தகப் புழு' பேச்சுல வந்தாலே பாதி கேலி கூட வந்துருது. நண்பர்கள் தங்களுக்குள்ள சொல்லிக்கிடலாம், நம்மள நாமளே சொல்லிக்கிடலாம், "நான் சின்ன வயசுல ஒரு புத்தகப் புழு"ன்னு சொன்னா அதுல அழகு உண்டு. அடுத்தவங்களை, அதுவும் வயசுல மூத்தவங்களைச் சொல்லக் கூடாது. ஒரு விழாவுல சீஃப் கெஸ்ட்டா வந்த பெரியவரை வரவேற்புரையில ஒரு தம்பி "ஐயா அவர்கள் மிகச் சிறந்த புத்தகப் புழு"ன்னுட்டான். சபையில சிரிப்பு. ஐயா மொகம் போன போக்கைப் பாக்கணுமே. அவன் நல்ல எண்ணத்துலதான் சொன்னான், பாவம்.

சின்னப் பிள்ளைங்க விசயத்துல நான் இன்னும் கொஞ்சம் கண்டிப்பு. வாசிக்கிற பிள்ளையை வீட்டுல "இது ஒரு புழு, வெளிய விளையாடக்கூடப் போவாது"ன்னு வாறவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொன்னா அந்தப் பிள்ளை புத்தகத்தை ஒளிச்சு வச்சு வாசிக்க ஆரம்பிக்கும். எனக்கே நடந்தது. சரஸ்வதி பூசைக்கு எங்க வீட்டுல புத்தகத்தை எல்லாம் 'பூசை வைப்பு'ன்னு எடுத்து வச்சுருவாங்க, விசயதசமி வரைக்கும் ஒரு எழுத்து வாசிக்கக் கூடாது. மத்த பிள்ளைங்களுக்கு அது கொண்டாட்டம். எனக்குக் கை நடுங்கும். பொரிகடலை மடிச்சு வந்த பழைய பேப்பரை நிமித்தி, சக்கை மரத்துக்குப் பின்னால போய் நின்னு, பாதியில கிழிஞ்சு போன ஒரு தொடர்கதையோட ஒரு பக்கத்தை வாசிச்சேன், சித்தி பாத்துட்டா, "சரசுவதிகிட்டயே திருடுதியாலே"ன்னு காதைத் திருகினா. அந்தக் கதையோட மிச்சம் எனக்கு இன்னைக்கு வரைக்கும் கெடைக்கல, எழுதினது யாருன்னும் தெரியாது, கெணத்தடியில ஒரு பொண்ணு வாளியை விட்டுட்டு நிக்கிறா, அவ்வளவுதான்.

தங்கச்சிக்குக் கடைசியா. அம்மச்சிகிட்ட போய் "அவங்க சொன்னது, எனக்கு நல்ல வாசிப்பு உண்டுன்னாக்கும்"னு சொல்லிப் பாருங்க, அந்த வார்த்தை அவங்களுக்குப் புரியும். ப்ரொஃபைல்ல 'வாசகி'ன்னு ஒத்தை வார்த்தை போட்டாலே போதும்னு எனக்குத் தோணுது, தீவிரம் எல்லாம் பேசிப் பாக்கிறவங்களுக்குத் தானா தெரிஞ்சுரும். இல்ல, புழுதான் பிடிச்சிருக்கு, அதுதான் போடுவேன்னா தாராளமா போடுங்க, உங்க பேரு உங்க இஷ்டம், ஆனா 'புத்தக புழு'ன்னு எழுதிராதீங்க, நடுவுல 'ப்' வேணும். ராசிபலனுக்காக வர்றவரு அதைக் கவனிக்க மாட்டாரு. நாப்பத்தி மூணாம் பக்கத்துப் பையன் மாதிரி ஒருத்தன் வந்தா உடனே பிடிச்சுருவான்.